நரம்பு செல் மாதிரிப் பெட்டி: பத்தாம் வகுப்புக்கு வாங்கலாமா?

வேலூர் பழைய பேருந்து நிலையத்துக்கு அருகில் பள்ளி ஆய்வகப் பொருட்கள் விற்கும் கடை ஒன்றில், ‘மூளை நரம்பு செல்’ என்று மேலட்டையில் அச்சிட்ட மாதிரிப் பெட்டி 3,800 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அறிவியல் கருவிகளுக்குப் பெயர்பெற்ற அம்பாலாவில் செய்யப்பட்டு வருவது இது. இந்தக் கல்வியாண்டில் பத்தாம் வகுப்பு நரம்பு மண்டலப் பாடத்தை இதை வைத்தே நடத்தினேன். பெட்டிக்குள் மூன்று துண்டுகள் இருக்கின்றன: மரப்பலகையில் பொருத்திய முழு நரம்பு செல், இரண்டாகத் திறக்கும் சினாப்ஸ் (ஒரு நரம்பு செல் அடுத்த செல்லைச் சந்திக்கும் இடம்), ஆக்சான் (செல்லிலிருந்து நீளும் இழை) சவ்வின் ஒரு வெட்டுத்தோற்றம். இவற்றில் சினாப்ஸ் துண்டு மிக நன்றாக இருக்கிறது. முழு நரம்பு செல்லைக் குறைகளைச் சொல்லிக்கொண்டே பயன்படுத்தலாம். சவ்வுத் துண்டை, அதனுடன் வரும் கையேட்டை ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் மாணவர் கையில் கொடுக்க வேண்டும்.

முதலில் முழு நரம்பு செல். செல் உடலம், சைகைகளை ஏற்கும் கிளைகளான டெண்ட்ரைட்டுகள், ஆக்சான், அதைப் போர்த்தும் மையலின் உறை, உறைகளுக்கு இடையிலுள்ள ரேன்வியர் கணுக்கள் என்று பாடநூல் படத்தில் உள்ள பகுதிகள் அனைத்தும் தெளிவான நிறங்களில் இருக்கின்றன. மையலினைக் காட்டும் மஞ்சள் ரப்பர் உறைகளைக் கழற்றி மாட்டலாம் என்பது நல்ல ஏற்பாடு. ஆனால் மேலட்டையில் உள்ள பெயருக்கும் உள்ளே இருக்கும் பொருளுக்கும் பொருத்தமில்லை. ஆக்சான் ஒரு தசைநாரில் போய் முடிகிறது. ஒவ்வொரு மையலின் உறையின் மேலும் அந்த உறையை உண்டாக்கும் ஷ்வான் செல்லின் உட்கரு வரையப்பட்டிருக்கிறது. அப்படியானால் இது தண்டுவடத்திலிருந்து கை கால்களுக்குச் செல்லும் இயக்க நரம்பு செல். மூளைக்குள் இருந்து மூளைக்குள்ளேயே பேசும் செல் அன்று. மூளையிலும் தண்டுவடத்திலும் மையலினைச் சுற்றுபவை ஷ்வான் செல்கள் அல்ல, ஆலிகோடென்ட்ரோசைட்டுகள். அவற்றில் ஒன்றே பல ஆக்சான்களுக்கு உறை போர்த்தும். ஷ்வான் செல்லோ ஓர் ஆக்சானின் ஒரு சிறு பகுதிக்கு மட்டுமே உறையாகும்.

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பு செல்கள் இருக்கின்றன, அவை எல்லாம் ஒரே வடிவத்தில் இல்லை. சிறுமூளையின் புர்கின்ஜி செல் விசிறியாக விரிந்த கிளைகளோடு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சினாப்ஸ்களை ஏற்கிறது. பெருமூளைப் புறணியின் பிரமிடு செல்லுக்கு உருவமே வேறு. இந்த இரண்டு வகைகளின் டெண்ட்ரைட்டுகளிலும் நுண்ணிய முட்கள் அடர்ந்திருக்கும்; புர்கின்ஜி செல்லில் அவற்றை 1888-லேயே ஸ்பெயின் நாட்டு அறிஞர் கஹால் பார்த்து எழுதினார். மாதிரியின் டெண்ட்ரைட்டுகள் மழமழவென்று இருக்கின்றன. மேலட்டையில் ‘இயக்க நரம்பு செல்’ என்று அச்சிட்டிருந்தால் இந்தக் குறைகளில் பெரும்பாலானவை குறைகளே அல்ல.

அளவு விகிதத்தையும் சொல்லியாக வேண்டும். மாதிரியில் செல் உடலம் ஓர் எலுமிச்சம்பழ அளவு. உண்மையான செல் உடலத்தை 0.05 மில்லிமீட்டர் என்று கொண்டால் இது ஆயிரம் மடங்குப் பெருக்கம்; இடுப்புப் பகுதித் தண்டுவடத்திலிருந்து பாதம் வரை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளும் ஆக்சானை அதே விகிதத்தில் செய்திருந்தால், கோட்டை நுழைவாயிலில் செல் உடலத்தை வைத்துவிட்டு ஆக்சானை ஒரு கிலோமீட்டர் தூரம் பஜார் தெருக்களுக்குள் இழுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கும். பலகையில் அது ஒரு முழம்கூட இல்லை. இது தயாரிப்பாளரின் பிழையன்று, வேறு வழியில்லை. என்றாலும் கையேட்டில் ஒரு வரி எழுதியிருக்கலாம், எழுதவில்லை.

மஞ்சள் உறைகளைக் கழற்றி மாட்டும் வசதியை நான் மிகவும் மதிக்கிறேன், அதற்குக் காரணம் எங்கள் மாவட்டமே. தடித்த, மையலின் உள்ள நரம்பிழைகளில் தூண்டல் (நரம்பு வழியே செல்லும் மின்சைகை) நொடிக்கு 120 மீட்டர் வரை பாயும். உறையில்லாத மெல்லிய இழைகளில் நொடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். காலை எதிலாவது இடித்துக்கொண்டால் இடித்தது முதலில் தெரிந்து, எரியும் வலி சற்றுப் பின்னால் வந்து சேர்வதற்கு இந்த வேறுபாடே காரணம். வேலூரை அடுத்த கரிகிரியில் 1955 முதல் தொழுநோய்க்கான மருத்துவமனை இயங்கி வருவதை எங்கள் மாணவர்கள் அறிவார்கள். தொழுநோய்க் கிருமி ஷ்வான் செல்லுக்குள் புகுந்து குடியேறுவது என்பதையும், விரல்கள் அழிவதற்கு முக்கியக் காரணம் தசை தானாக அழுகுவதன்று, உணர்வு இழந்த கையில் சூடும் வெட்டும் தெரியாமல் காயம்மேல் காயம் படுவதே என்பதை வேலூரில் பணிபுரிந்த மருத்துவர் பால் பிராண்ட் எடுத்துக்காட்டினார் என்பதையும், ஓர் உறையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னபோது வகுப்பு முழுவதும் கவனித்துக் கேட்டது. பாடநூலில் வெறும் பெயராக இருந்த ஷ்வான் செல் அன்று பொருளுள்ளதாக ஆனது.

இனிச் சவ்வுத் துண்டு. மூன்றில் மிகுந்த உழைப்பு இதில்தான் தெரிகிறது, மிகுந்த தவறும் இதில்தான் இருக்கிறது. சோடியத்துக்குச் சிவப்பு மணிகள், பொட்டாசியத்துக்கு நீல மணிகள், இரண்டுக்கும் நகர்த்தித் திறக்கும் தனித்தனிக் கதவுகள், நடுவில் அசையாமல் நிற்கும் ஒரு பம்ப். அமைதி நிலையில் சவ்வின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் எதிர்மின்னாக இருக்கும். அது மைனஸ் 55 அளவுக்கு ஏறினால் சோடியக் கதவுகள் மளமளவென்று திறந்து, உட்புறம் நேர்மின் பக்கம் தாவும். ஒரு மில்லிநொடிக்குள் சோடியக் கதவு அடைபட்டு, பொட்டாசியக் கதவு திறந்து, பொட்டாசியம் வெளியேறி, சவ்வு பழைய நிலைக்கு இறங்கும். ஆங்கிலேய அறிஞர்களான ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாய் மீனின் தடித்த ஆக்சானில் அளந்து 1952-இல் வெளியிட்ட விளக்கம் இது. 1963-இல் இருவரும் எக்கிள்ஸும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். கதவுகளை இந்த வரிசையில் மாணவர்களே நகர்த்திப் பார்க்க முடிகிறது என்பது இத்துண்டின் உண்மையான பயன்.

ஆனால் கையேடு இரண்டு இடங்களில் தவறான பாடம் சொல்கிறது. ஒவ்வொரு தூண்டலுக்குப் பிறகும் பம்ப் ஓடித்தான் சவ்வு அமைதி நிலைக்குத் திரும்புகிறது என்கிறது. அப்படியன்று. உடனே திருப்புவது பொட்டாசியம் வெளியேறுவதே. மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் பம்ப், இரு புறமும் உள்ள செறிவு வேறுபாட்டை நீண்ட காலத்துக்குக் காத்துவருவது. பம்பை நிறுத்திவிட்டாலும் தடித்த ஆக்சான் மேலும் பல தூண்டல்களைக் கடத்தும். இரண்டாவது தவறு, சிவப்பு மணிகளை எல்லாம் உட்பக்கத் தட்டுக்குக் கொட்டச் சொல்வது. ஒரு தூண்டலில் சவ்வைக் கடக்கும் அயனிகள் மொத்தத்தில் மிக மிகச் சிறு பங்கு; செறிவு ஏறக்குறைய மாறுவதே இல்லை, மின்னழுத்தம்தான் மாறுகிறது. நான் ஒரு கைப்பிடி மணிகளில் ஒன்றிரண்டை மட்டும் நகர்த்தச் செய்தேன். ‘கம்பியில் மின்சாரம் பாய்வதைப் போல’ என்று கையேட்டில் வரும் வாக்கியத்தையும் அடித்துவிட்டேன், ஏனெனில் தூண்டல் ஆக்சான் நெடுகப் புதிது புதிதாகப் பிறந்துகொண்டே போவது. அதனால்தான் ஒரு மீட்டர் கடந்தும் அது தேய்வதில்லை, அதனால்தான் கம்பியில் செல்லும் சைகையைவிட அது மிக மெதுவானது. ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850-லேயே தவளையின் நரம்பில் இந்த வேகத்தை அளந்துவிட்டார்.

சினாப்ஸ் துண்டுக்காகத்தான் இந்தப் பெட்டியைப் பரிந்துரைக்கிறேன். இரு கைப்பிடி அளவுள்ள, ஆக்சானின் முனைக்குமிழைத் திறந்தால் உள்ளே மைட்டோகாண்ட்ரியாக்களும், தனித்தனியாக எடுக்கக்கூடிய சிறு பைகளும் இருக்கின்றன. பையைத் திறந்தால் அதனுள் வேதிப்பொருளைக் குறிக்கும் கடுகு போன்ற மணிகள். எதிரில் அடுத்த செல்லின் சவ்வும் அந்த வேதிப்பொருளைப் பற்றிக்கொள்ள அதில் பதித்த ஏற்பிகளும். இடையில் இரண்டு விரல்கள் நுழையும் வெற்றிடம். மூளையில் அந்த இடைவெளி ஏறத்தாழ 20 நானோமீட்டர், பையின் குறுக்களவு ஏறத்தாழ 40. ஆகவே மாதிரியின் இடைவெளி மிகைப்படுத்தப்பட்டதுதான். மாணவரின் விரல் உள்ளே போய், இங்கே எதுவும் ஒட்டியிருக்கவில்லை என்று தொட்டு அறிவதற்காக அந்த மிகையை நான் வரவேற்கிறேன். இந்த வெற்றிடத்துக்காகத்தான் அரை நூற்றாண்டு வாதம் நடந்தது. இத்தாலிய அறிஞர் கோல்ஜி தாம் 1873-இல் கண்டறிந்த சாயமேற்றும் முறையைக் கொண்டு நரம்புகள் அனைத்தும் ஒரே தொடர்வலை என்றார். அதே சாயத்தைக் கொண்டு கஹால் ஒவ்வொரு செல்லும் தனித்தனி என்றார். 1906-இல் நோபல் பரிசை இருவரும் சேர்ந்தே பெற்று, மேடையிலும் உடன்படாமல் திரும்பினர். 1950-களில் எலக்ட்ரான் நுண்ணோக்கி அந்த இடைவெளியைக் கண்ணுக்குக் காட்டியது.

இடைவெளியைக் கடப்பது வேதிப்பொருள் என்பதற்கு ஓட்டோ லோவி 1921-இல் வெளியிட்ட சோதனையை இத்துண்டோடு சேர்த்துச் சொல்லலாம். ஒரு தவளை இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டினார், துடிப்பு மெதுவானது. அந்த இதயம் மூழ்கியிருந்த திரவத்தை எடுத்து இன்னோர் இதயத்தில் விட்டார், யாரும் நரம்பைத் தொடாமலே அதுவும் மெதுவானது. அந்தத் திரவத்தில் இருந்தது அசிட்டைல்கோலின்.

இத்துண்டிலும் மூன்று விடுபடல்கள் உண்டு. தூண்டல் வந்ததும் முனைக்குமிழுக்குள் கால்சியம் நுழைவதால்தான் பைகள் சவ்வோடு இணைந்து திறக்கின்றன. கால்சியத்துக்கான வழி மாதிரியில் இல்லை. வெளிவந்த வேதிப்பொருள் எப்படி அகற்றப்படுகிறது என்பதும் இல்லை. இந்த இரண்டாவது குறையை எங்கள் பகுதி ஆசிரியர்கள் விட்டுவிடக் கூடாது. அசிட்டைல்கோலினை உடைக்கும் நொதியைத்தான் ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிக்கொல்லிகள் முடக்குகின்றன. உடைபடாத அசிட்டைல்கோலின் ஏற்பிகளைத் தூண்டிக்கொண்டே இருப்பதால் வாயில் நீர் ஊறி, தசைகள் துடித்து, இறுதியில் மூச்சுவிடும் தசைகளும் ஓய்ந்துபோகும். கத்தரிக்கும் நெல்லுக்கும் மருந்து அடிக்கும் வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு, கைக்கவசமும் முகமூடியும் ஏன் தேவை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் பாடத்தில் வேறு இல்லை. மூன்றாவது, தூண்டும் சினாப்ஸ் மட்டுமே இருக்கிறது, அடக்கும் சினாப்ஸ் இல்லை. மூளையில் குளுட்டமேட் என்ற வேதிப்பொருள் பெரும்பாலும் தூண்டுகிறது, காபா என்ற வேதிப்பொருள் பெரும்பாலும் அடக்குகிறது; ஆயிரக்கணக்கான இடங்களிலிருந்து வரும் இரண்டையும் கூட்டிக் கழித்த பிறகே ஒரு செல் தூண்டலை எழுப்புகிறது. வலிப்பு நோயை விளக்க இந்தக் கணக்கு தேவைப்படும். எதிர்ப்புறச் சவ்வில் வேறு நிறத் தாளில் வெட்டிய ஏற்பிகளை ஒட்டி நான் சமாளித்தேன்.

இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையை 1949-இல் ஜேக்கப் சாண்டி தொடங்கியது இந்த வேலூரில்தான். அந்த ஊரின் பள்ளி ஆய்வகங்களில் நரம்பு செல் இன்னும் சுவரில் தொங்கும் மங்கிய படமாக மட்டும் இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. அதனால்தான் இவ்வளவு நுணுக்கமாக எழுதுகிறேன்.

வாங்குவோர் கடையிலேயே பெட்டியைப் பிரித்து, சவ்வுத் துண்டின் கதவுகள் நகர்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக் என்பதால் வழியில் உடைந்து வருவதுண்டு. கடைக்காரர் பொறுமையாகப் பிரித்துக் காட்டுகிறார். கையேடு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே உள்ளது. சினாப்ஸ் துண்டைத் தனியாக 1,500 ரூபாய்க்கும் தருகிறார்கள். நிதி குறைவான பள்ளிகள் அதை மட்டும் வாங்கி, மற்ற இரண்டையும் களிமண்ணிலும் அட்டையிலும் மாணவர்களைக் கொண்டே செய்துகொள்ளலாம்.