பேஸுக்கு ஆக்டேவ் பெடல்: பாஸ் ஓசி-5 எடுக்கலாமா?

மீட்டும் சுரத்தோடு அதன் கீழ் ஸ்தாயியையோ மேல் ஸ்தாயியையோ சேர்த்துத் தரும் கால்பெட்டிதான் ஆக்டேவ் பெடல். அதை பேஸ் கிட்டாருக்கு வாங்கும் எண்ணம் இருந்தால் எந்த ஸ்பீக்கரில் வாசிக்கப் போகிறீர்கள் என்று முதலில் யோசியுங்கள், கம்பெனி பெயரெல்லாம் அப்புறம் பார்க்கலாம். டெமோ வீடியோவை ஹெட்போனில் கேட்டால் எல்லா ஆக்டேவ் பெடலும் அடிவயிற்றைக் கலக்கும். அதையே ஸ்ரீராம்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்குக் கொண்டுபோய், சப் (அடிச்சத்தத்துக்கென்றே உள்ள தனி ஸ்பீக்கர்) இல்லாமல் ஸ்டாண்டில் நிற்கும் இரண்டு 12 இன்ச் ஸ்பீக்கரில் விட்டால், பெடலை மிதித்ததும் சத்தம் பெருகாது, இருந்த பேஸும் காணாமல் போகும். கணக்கு எளிது. பேஸில் ஏ கம்பியைச் சும்மா மீட்டினால் 55 ஹெர்ட்ஸ், ஒரு ஸ்தாயி கீழே போனால் 27.5. இ கம்பி 41 ஹெர்ட்ஸ், அதற்குக் கீழே 20 சொச்சம், அது மனுஷக் காதுக்கே எல்லை. மண்டபத்து ஸ்பீக்கர் ஐம்பது, அறுபதுக்குக் கீழே கையை விரித்துவிடும். யாருக்கும் கேட்காத அந்தச் சத்தத்துக்காக ஆம்ப் மட்டும் சூடாகிக்கொண்டிருக்கும். ஐந்து கம்பி பேஸில் பி கம்பியை மீட்டி ஆக்டேவ் போடுகிறவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

நான் பெங்களூரில் ஒரு மெல்லிசைக் குழுவில் நாலு கம்பி பேஸ் வாசிக்கிறேன், ஞாயிறு காலையில் சர்ச்சில். எனக்கு ஆக்டேவ் தேவைப்பட்டதே தொண்ணூறுகளுக்கு அப்புறம் வந்த சினிமாப் பாட்டுகளுக்காகத்தான். அவற்றில் நிறைய பாட்டில் பேஸ் என்பது சிந்த், அதாவது சிந்தசைசர் சத்தம். கீபோர்டுக்காரர் இடது கையில் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவார்கள். ஒரே ஒரு கீபோர்டு உள்ள குழுவில் ஸ்ட்ரிங்ஸ், புல்லாங்குழல், நடுவில் வரும் பெல் சத்தம் எல்லாவற்றுக்கும் அவருடைய இரண்டு கையே பத்தாது, அதனால் அது பேஸ்காரன் தலையில் விழும். வெறும் பேஸில் வாசித்தால் சுரம் சரியாக இருக்கும், ஆனால் பாட்டு அந்தப் பாட்டாக இருக்காது.

அதற்காக எடுத்ததுதான் பாஸ் கம்பெனியின் ஓசி-5. 2020ல் வந்த மாடல். இதன் தாத்தா ஓசி-2, 1982ல் வந்து 2003 வரை ஓடிய பழுப்புப் பெட்டி, எண்பதுகளில் பேஸ் கலைஞர் பினோ பல்லாடினோ ஃப்ரெட்லெஸ் (கழுத்தில் கட்டை இல்லாத) பேஸோடு வாசித்துப் பெயர் வாங்கித் தந்தது. நடுவில் வந்த ஓசி-3 நிறைய வேலை செய்தது, ஆனாலும் பேஸ்காரர்கள் பழைய ஓசி-2வைத் தேடிக்கொண்டேதான் இருந்தார்கள். ஓசி-5ல் விண்டேஜ், பாலி என்று இரண்டு மோடு. விண்டேஜ் என்பது அந்த ஓசி-2 சத்தம், ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான். பாலியில் கார்டும், அதாவது பல சுரங்களைச் சேர்த்தும் வாசிக்கலாம். மேல் ஸ்தாயிக்கு ஒரு நாப் (திருகு) சேர்த்திருக்கிறார்கள், கிட்டார், பேஸ் என்று மாற்ற ஒரு ஸ்விட்ச்.

நான் விலை கொடுத்தது மொத்தமும் விண்டேஜ் மோடுக்காகத்தான் என்று சொல்வேன். பழைய சர்க்யூட்டின் வேலை இது: நீங்கள் மீட்டும் சுரத்தின் அலையை உள்ளே எண்ணிக்கொண்டே இருக்கும், ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றைத் தலைகீழாகப் புரட்டும். அப்போது அதே வடிவம் திரும்ப வர இரண்டு மடங்கு நேரம் ஆகிறது, அதாவது அதிர்வெண் பாதி, ஸ்தாயி ஒன்று கீழே. இப்படிப் புரட்டுவதில் ஒரு உபரி லாபம் உண்டு. 55 ஹெர்ட்ஸ் கொடுத்தால் 27.5 மட்டும் வராது, 82.5, 137.5 என்று அதன் ஒற்றைப்படை மடங்குகளும் வரும். சிந்த் மாதிரி அந்த மூக்கடைத்த சத்தம் அங்கிருந்துதான் வருகிறது. 27.5ஐ ஸ்பீக்கர் விழுங்கினாலும் மற்றவை வெளியே வந்துவிடும், மிச்சத்தைக் காது தானே நிரப்பிக்கொள்ளும். ஓசி-5 இதை டிஜிட்டலில் செய்கிறது, ஆனால் குணம் மாறவில்லை. பாலி மோடு இதைவிடச் சுத்தம், வீட்டில் கேட்க அழகு, மண்டபத்தில் டிரம்ஸ் சேர்ந்ததும் மங்கிவிடுகிறது.

இன்னொன்று, ஆக்டேவ் போட்டால் கையை மேலே கொண்டுபோக வேண்டும். டி கம்பியில் ஏழாம் ஃப்ரெட் 110 ஹெர்ட்ஸ், அதன் கீழ் ஸ்தாயி 55, எந்த சுமாரான ஸ்பீக்கரும் ஓரளவு தாங்கும். பேஸின் சொந்தச் சத்தத்துக்கான டைரக்ட் நாபை முழுக்கக் குறைத்து, ஒரு ஸ்தாயி கீழே தரும் மைனஸ் ஒன் மட்டும் ஏற்றி, விரலால் அழுத்தமாக வாசித்தால் நிஜமாகவே சிந்த்தான். ஒரு கோயில் திருவிழாவில் சவுண்ட் பார்க்கும் தம்பி என்னிடமே வந்து, "அண்ணா, கீபோர்டுல பேஸ் ஜாஸ்தியா வருது, அவர கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்க" என்றான். இதைவிடப் பெரிய சர்ட்டிபிகேட் எனக்கு வேண்டாம்.

குறைகளும் உண்டு. இரண்டு கம்பி சேர்ந்து ஒலித்தால் விண்டேஜ் மோடு திக்கும், அது இந்த வகைக்கே உள்ள குணம். ஒரே கம்பி என்றாலும், மீட்டிய முதல் நொடியில் இரண்டாம் ஹார்மோனிக் (இரட்டை அதிர்வெண்) ஓங்கி நிற்பதால் சர்க்யூட் தப்பாக எண்ணிவிடுகிறது. கழுத்துப் பக்கத்து பிக்கப், டோன் பாதி, வாசிக்காத கம்பி மேல் இடது கை, இவ்வளவு செய்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். இரண்டு ஸ்தாயி கீழே தரும் மைனஸ் டூ விளையாட்டுக்குத்தான், அதிலும் அதே நாப் பாலி மோடில், எந்தச் சுரங்களுக்கு ஆக்டேவ் சேர வேண்டும் என்று வரம்பு வைக்கும் ரேஞ்ச் நாபாக மாறுவதால் பாட்டுக்கு நடுவில் மோடு மாற்றினால் எல்லாம் குழம்பும். காலால் மோடு மாற்றவும் முடியாது, குனிய வேண்டும். வேட்டி கட்டிக்கொண்டு மேடையில் குனிகிற அவஸ்தை ஜப்பான்காரருக்கு எங்கே தெரியப்போகிறது.

கடையில் கேட்டுப் பார்த்து வாங்கலாம் என்றால் அதுவும் இங்கே லேசில்லை. ஒரு கடையில் கிட்டாரைச் செருகி, உள்ளங்கை அகலத்தில் ஒரு ப்ராக்டீஸ் ஆம்பில் போட்டுக் காட்டி, "சூப்பர் சவுண்ட் சார்" என்றார்கள். பேஸ் கேட்டால் கம்பி துருப்பிடித்த ஒன்றை நீட்டினார்கள். உங்கள் பேஸை நீங்களே தூக்கிக்கொண்டு போங்கள், 15 இன்ச் ஆம்ப் உள்ள கடையாகத் தேடுங்கள்.

வேறு என்ன இருக்கிறது? எம்எக்ஸ்ஆர் பேஸ் ஆக்டேவ் டீலக்ஸில் ஒரே கீழ் ஸ்தாயிக்கு க்ரௌல், கர்த் என்று இரண்டு குரல், இரண்டையும் கலக்கலாம். மேல் ஸ்தாயி வேண்டாம் என்கிறவர்களுக்கு ஓசி-5க்குச் சமமான பெடல், கனத்தில் ஒரு படி மேல் என்றுகூடச் சொல்வேன். பெரிங்கரின் அல்ட்ரா ஆக்டேவர் ஓசி-3ஐப் பார்த்துச் செய்தது, பிளாஸ்டிக் உடம்பு, விலையில் அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆக்டேவ் நமக்கு ஒத்துவருமா என்று பார்க்க அதுவே போதும்.

கிட்டார்காரர்களுக்கு என் பதில் வேறு. பேஸ் இல்லாத குழுவில் கிட்டார் வாசிக்கிறீர்கள், கார்டுக்கும் ஆக்டேவ் வேண்டும் என்றால் எலக்ட்ரோ ஹார்மோனிக்ஸின் நேனோ பாக் பாருங்கள். ட்ரை (கிட்டாரின் சொந்தச் சத்தம்), கீழ் ஸ்தாயி, மேல் ஸ்தாயி, மூன்றே நாப். முழு கார்டையும் திக்காமல் பிடித்துக்கொள்ளும், மூன்றையும் ஏற்றினால் ஆர்கன் மாதிரி இருக்கும், சர்ச்சில் வாசிக்கிறவர்கள் விடமாட்டார்கள். கிட்டார்காரர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் சத்தம் வேண்டும் என்று ஆக்டேவ் கேட்கிறவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம், அது ரோஜர் மேயரின் ஆக்டேவியா, ஃபஸ் எனும் கரகரப்போடு மேல் ஸ்தாயி சேர்ந்து கிழியும் வேறு சரக்கு.

எதை வாங்கினாலும் வரிசையில் முதலாவதாக வையுங்கள், முன்னால் கம்ப்ரஸர் (சத்த ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் பெடல்) மட்டும் இருக்கலாம். டிரைவ், கோரஸ் எல்லாம் பின்னால்தான். பவருக்கு பெங்களூர் எஸ்பி ரோட்டில் கிடைக்கிற பொது அடாப்டரை வாங்கி அப்படியே செருகாதீர்கள், அவற்றில் பெரும்பாலும் நடுமுனை பாசிட்டிவ், இந்தப் பெடல்களுக்கு 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ் வேண்டும்.

செகண்ட் ஹேண்டில் ஓசி-2 வந்தால் விடாதே என்பார்கள். நல்ல பெடல்தான், சந்தேகமில்லை. ஆனால் அதற்குப் புது ஓசி-5இன் விலையே கேட்டார்கள் என்றால் நான் எடுக்க மாட்டேன், ஏ கம்பிக்குக் கீழே அது தடுமாறும், ஓசி-5 அந்த இடத்தில் எவ்வளவோ மேல். எடுப்பதென்றால் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கீழே வாசித்து எங்கே உடைகிறது என்று கேளுங்கள். அப்புறம் அடாப்டர் குறிப்பைப் பாருங்கள், ஏசிஏ என்று போட்டிருந்தால் அது பழைய வகை, இன்றைய 9 வோல்ட் சப்ளையில் சோர்ந்து வாசிக்கும், பிஎஸ்ஏ என்று இருந்தால் கவலையில்லை.