உலகக் கிண்ணத் தொண்டர் என்று சொல்லி 2,40,000 ரூபாய் எடுத்தார்கள் – வெள்ளவத்தைப் பக்கம் கவனம்

போன கிழமை சித்தியின் மகள் வட்ஸ்அப்பில் ஒரு நோட்டீஸ் அனுப்பினாள். "அண்ணா, இது உண்மையோ? தம்பிக்குப் போடலாமோ?" லொஸ் ஏஞ்சல்ஸ் 2028 ஒலிம்பிக்குக்குத் தொண்டர்கள் தேவையாம், விசா அவர்கள் பொறுப்பாம். ஆங்கிலத்தில் 'வொலன்டியர்' என்று எழுதியதில் இரண்டு 'ஈ' வரவேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. 2022இல் கட்டார் உதைபந்தாட்ட உலகக் கிண்ணத்துக்குத் தொண்டர் தேவை என்று என் கையில் தந்த நோட்டீஸிலும் அதே பிழை. வெட்கத்தில் வீட்டுக்கு வெளியே சொல்லாமல் வைத்திருந்ததை அதனால்தான் எழுதுகிறேன்.

2022 எப்படி இருந்தது என்று கொழும்பில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பெற்றோலுக்கு இரவிரவாக வரிசை, டொலர் 360 ரூபாய், பத்தரமுல்லையில் பாஸ்போட் எடுக்க விடியப்புறமே சனம். எனக்குப் பாதிச் சம்பளம். யாராவது 'கட்டார்' என்று சொன்னால் காது தானாகத் திரும்பும்.

அந்த நோட்டீஸை நம்பிப் போன இடம் வெள்ளவத்தை, காலி வீதியில் ஒரு புடைவைக் கடைக்கு மேல்மாடி. ஏசி போட்ட அறை, மேசையில் பிளாஸ்டிக் உலகக் கிண்ணம் ஒன்று. அதன் அடியில் விலை ஸ்டிக்கர் கூட உரிக்கவில்லை. அதைப் பார்த்தும் இருந்தேன் பாருங்கோ!

வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியக லைசன்ஸ் இருக்கோ என்று நான் கேட்காமல் இல்லை. மேசைக்குப் பின்னால் இருந்த ஆள் சிரித்தார். "தம்பி, இது வேலை இல்லை, தொண்டு. தொண்டுக்கு ஆர் லைசன்ஸ் கேக்கினம்?"

முழு வித்தையும் இந்த ஒரு வசனத்தில் இருக்கிறது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவரிடம் வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கவேண்டும், பணியகத்தின் 1989 இலக்கத்துக்குப் போன் அடித்தால் சரிபார்க்கலாம். 'தொண்டு' என்றதும் அந்தக் கேள்வி வாயோடு அடைபட்டுவிடும். காசு வாங்குவது மட்டும் வேலைக்கு வாங்குவது போலவே.

பதிவுக்கு 35,000. பிறகு அடையாள அட்டைக்கும் உடுப்புக்கும் 85,000. கடைசியாக 'அழைப்புக் கடிதம்' என்று 1,20,000. அக்காவின் காப்பு அடகுக்குப் போனது அந்தக் கடைசித் தவணைக்குத்தான்.

உண்மை என்னவென்றால், கட்டார் 2022 தொண்டருக்கு விண்ணப்பிக்க ஒரு சதமும் தேவைப்படவில்லை. மார்ச் 21ஆம் திகதி இணையத்தில் திறந்துவிட்டார்கள், யாரும் நேரடியாகப் போடலாம். நாலு லட்சத்துக்கு மேல் விண்ணப்பம் வந்து, எடுத்தது 20,000 பேரை. அதிலும் 17,000 பேர் கட்டாரிலேயே இருந்தவர்கள், வெளிநாட்டிலிருந்து வெறும் 3,000. தெரிவானவர்களுக்கு உடுப்பும் கடமை நேரச் சாப்பாடும் இலவசம், சம்பளம் கிடையாது. செப்டெம்பர் 2ஆம் திகதி லுசைல் மைதானத்தில் அவர்களைக் கூட்டி அறிமுக நிகழ்ச்சியும் நடத்தியாயிற்று. நான் உடுப்புக் காசு கட்டியது அதற்கு அடுத்த கிழமை.

ஒக்டோபரில் கடிதம் வந்தது. இலச்சினை பக்கவாட்டில் இழுபட்டு, சப்பளிந்த பந்து மாதிரி. அனுப்பிய முகவரி ஜிமெயில். உலகக் கிண்ணத்துக்குக் கட்டார் போகத் தேவைப்பட்ட 'ஹய்யா' அனுமதி அட்டை என்று ஒரு படமும் அனுப்பினார்கள். அதிலிருந்த இலக்கத்தை ஹய்யா செயலியில் அடித்தால் அப்படி ஒன்றே இல்லை. போன் எடுத்தால் "சிஸ்டம் பிஸி தம்பி". நவம்பர் 20 முதல் போட்டியை எங்கள் வீட்டு டிவியில்தான் பார்த்தேன்.

பாஸ்போட்டும் அவர்களிடம். அதைத் திருப்பித் தர இன்னொரு 10,000 கேட்டார்கள், கொடுத்தேன். பொலிஸில் முறைப்பாடு செய்யப் போனபோதுதான் ரசீதை ஒழுங்காக வாசித்தேன். மூன்றிலும் 'மொழிபெயர்ப்பு மற்றும் ஆவணச் சேவைக் கட்டணம்' என்றிருந்தது. உலகக் கிண்ணம் என்ற சொல்லே இல்லை. எழுதிக்கொண்ட உத்தியோகத்தர் ரசீதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. பந்து பொறுக்கவா நான் போகப் பார்த்தேன்? போய் இறங்கினால் டோஹாவில் ஒரு வேலை பிடிக்கலாம் என்ற நினைப்பு. அது அந்த ஆளுக்கும் தெரியும். 2004இல் 'இலங்கை ஹாண்ட்போல் அணி' என்று ஜெர்மனிக்குப் போன 23 பேர் காணாமல் போனதை அவரே பகிடியாகச் சொன்னார், நானும் சேர்ந்து சிரித்தேன். மனதுக்குள் இப்படி ஒரு கள்ளம் இருந்தால் முறைப்பாடு செய்ய வாய் வராது. என்னோடு அந்தப் படியேறிய மற்றவர்கள் பொலிஸுக்கு வராததற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

தங்கச்சிக்குச் சொன்னது இதுதான்: ஏற்பாட்டுக் குழுவின் சொந்தத் தளத்தில் நீயே போடு. நடுவில் ஒருத்தன் காசு கேட்டால் எழும்பி வா. எந்தக் காரணத்துக்கும் பாஸ்போட்டைக் கையிலிருந்து விடாதே.

அந்த மேல்மாடியில் இப்போது வேறு பெயர்ப்பலகை. 2022இல் அங்கே காசு கட்டி ரசீது வைத்திருப்பவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கோ. என் முறைப்பாட்டு இலக்கம் இருக்கிறது, சேர்ந்து போவோம்.