கருமாதி வீட்டுக்கு வரும் பத்திரப் புரோக்கர்களிடம் எச்சரிக்கை

ஈரோடு, கோபி, பெருந்துறைப் பக்கம் தோட்டம் துரவு உள்ள குடும்பங்கள் இதைப் படித்துவிட்டு, கட்டிக்கொடுத்த பெண்களுக்கும் அனுப்பி வையுங்கள்.

அப்பாவின் கருமாதி முடிந்து பந்தல்கூடப் பிரிக்கவில்லை. பத்திர வேலை பார்க்கும் ஒருவர் துக்கம் விசாரிக்க வந்தார். அப்பா உயில் எழுதிப் பதிவும் செய்திருந்தது அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது. "அக்கா, உயில் இருந்தால் போதாது. சென்னை ஹைகோர்ட்டில் புரொபேட், அதாவது உயில் உண்மையானது என்று கோர்ட்டு தரும் சான்று, வாங்கினால்தான் பட்டா மாறும். ஆறு மாதம் தாண்டினால் உயிலே செல்லாது" என்று அம்மாவைக் கலங்கடித்தார். முன்பணம் 35,000 ரூபாய். கூடவே உயிலின் அசலையும் மூலப் பத்திரத்தையும் பையில் போட்டுக்கொண்டார்.

அடுத்த வாரம் ஒரு கட்டுத் தாளோடு வந்தார். ஒவ்வொரு தாளிலும் மேல்பாதியை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, "இங்கே ஒரு கையெழுத்து, இங்கே ஒன்று" என்று அம்மாவிடம் நீட்டினார். நான் கட்டைக் கேட்டேன். "அம்மிணி, இதெல்லாம் கோர்ட்டு பாஷை, உங்களுக்குப் புரியாது" என்றார். நல்ல தமிழில்தான் எழுதியிருந்தது. நாலு எல்லை, சர்வே எண், கிணற்றில் எங்களுக்குள்ள முறை, மின் இணைப்பு என எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி, அத்தனையையும் விற்கும் அதிகாரத்தை முன்பின் தெரியாத ஒருவருக்குத் தரும் பொது அதிகார ஆவணம் அது. மறுநாள் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போய்க் கைரேகை வைக்கச் சொல்லவிருந்தாராம். புரொபேட்டுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

ஈரோட்டில் வக்கீலாக இருக்கும் பங்காளி முறை அண்ணன் விஷயத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டார். 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் இந்துக்களின் உயிலுக்குப் புரொபேட் கட்டாயம் என்று இருந்ததெல்லாம், நம் மாநிலத்தில், சென்னை மாநகரில் எழுதிய உயிலுக்கும் அங்குள்ள சொத்துக்கும்தான். கொங்கு நாட்டில் எழுதி, இங்குள்ள நிலத்தைப் பற்றிய உயிலுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆறு மாதக் கெடு முழுப் பொய். உயிலில் யாராவது தகராறு செய்தால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக வேண்டி வரலாம், அது வேறு கதை.

எங்களுக்கு வேண்டியிருந்தது இறப்புச் சான்று, உயில், வாரிசுச் சான்று, பட்டா மாறுதல் மனு, இவ்வளவுதான். வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து வட்டாட்சியருக்கு அனுப்புவார்கள். கட்டணம் சொற்பம். கோர்ட்டில் வாங்கும் வாரிசுரிமைச் சான்றிதழ் வைப்புத்தொகை, கம்பெனிப் பங்கு போன்றவற்றுக்கானது. நிலத்துக்கு அது தேவையே இல்லை. புரொபேட், வாரிசுச் சான்று, வாரிசுரிமைச் சான்றிதழ் மூன்றையும் ஒன்றாகக் குழப்பிவிட்டுத்தான் அந்த ஆள் பிழைப்பு நடத்துகிறார்.

உயில் இல்லாத வீடுகளில் ஆபத்து இன்னும் அதிகம். "சீர் செய்தாயிற்று, பெண்களுக்குப் பங்கில்லை" என்று சொல்லி, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். தந்தையின் சுய சம்பாத்தியத்தில் மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு என்று இந்துக்களுக்கு 1956லிருந்தே சட்டம் இருக்கிறது. உயிரோடு இருந்தால் அவருடைய தாய்க்கும் உண்டு. விட்டுக்கொடுப்பது அவரவர் விருப்பம், ஆனால் படித்துப் பார்த்துவிட்டு விட்டுக்கொடுங்கள்.

பணம் திரும்பவில்லை. காவல் நிலையத்தில் புகார் கொடுத்த பிறகு மூலப் பத்திரம் மட்டும் வந்தது. உயிலை "தேடிக்கொண்டிருக்கிறேன்" என்கிறார். தேடட்டும். பதிவு செய்த உயிலாயிற்றே. இறப்புச் சான்றைக் காட்டிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கிவிட்டோம். பட்டா மனுவையும் கொடுத்தாயிற்று.