மொறிஸ் மைனருக்கு பவர் ஸ்டியரிங்: நான்கு வருடம் ஓட்டிய பிறகு

மொறிஸ் மைனர் என்ற பழைய பிரித்தானியக் காருக்கு, ஸ்டியரிங்கைத் திருப்ப உதவும் பவர் ஸ்டியரிங் போட்டிருக்கிறேன் என்றால் பழைய கார் வைத்திருப்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். முக்கால் தொன்னைச் சற்றே தாண்டும் காருக்கு அது எதற்கு என்பார்கள். நானும் பதினேழு வருடம் அப்படிச் சொல்லித் திரிந்தவன்தான்.

கார் அப்பாவுடையது. 1963 மாடல், 1098 சிசி. அதன் ஸ்டியரிங்கில் குறை சொல்ல எனக்கு வாய் வராது. இதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் 1948இல் இந்தக் காரைக் கொண்டுவந்தபோதே ரேக் அண்ட் பினியன் (பற்சக்கரமும் பற்கள் வெட்டிய தண்டும் நேராகக் கோக்கும் ஸ்டியரிங்) வைத்துவிட்டார். அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் ஸ்டியரிங்கின் நடுவில் கொஞ்சம் லூசாக ஆடும். மைனரில் அது கிடையாது. இந்த முனையிலிருந்து அந்த முனைக்குச் சுமார் இரண்டரைச் சுற்று. காலி வீதியில் 40இல் போகும்போது இரண்டு விரல் போதும். பாரமெல்லாம் கார் நிற்கும்போதுதான்.

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளில் கார் நிறுத்தியவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். ஒரு பக்கம் மதில், மறுபக்கம் ஆட்டோ, பின்னால் ஹோர்ன் அடிக்கும் வேன். 2020 கடைசியில் எனக்கு வலது தோள் இறுகிப்போனது. சட்டை போடவே ஆள் வேண்டும் என்ற நிலை. வேறு கார் வாங்கலாம் என்றால், அந்த வருடம் மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியிருந்தார்கள்; பாவித்த சின்னக் காருக்கே விலை ஏறிக்கொண்டு போனது.

பவர் ஸ்டியரிங் மோட்டார் பூட்டலாமா என்று கேட்க, கொட்டாஞ்சேனையில் பழக்கமான ஒரு மெக்கானிக் பாஸிடம் போனேன். அவர் ஸ்டியரிங்கை ஒருதரம் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஐயா, மோட்டார் பூட்ட முதல் கீழே படுத்துப் பாருங்கோ" என்றார். பார்த்தால் வெட்கக்கேடு. முன் டயர்களில் காற்று 18 பிஎஸ்ஐக்கு இறங்கியிருந்தது. அழகுக்காக நான்தான் 145 மில்லிமீற்றர் அகலத்துக்குப் பதிலாக 165 டயர் போட்டிருந்தேன். முன் சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னின் மேலும் கீழும் அதைத் தாங்கும் மூட்டுகளான ட்ரனியன்களுக்கு கிரீஸ் போய் எத்தனை காலமோ. அவை காய்ந்தால் ஸ்டியரிங் பாரமாவது மட்டுமல்ல, ஒருநாள் கீழ்ப்பக்கம் கழன்று சக்கரமே மடங்கிவிடும். மைனர்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஆபத்து, தெரிந்தும் விட்டிருக்கிறேன்.

டயரை மாற்றி, காற்றை 28க்கு ஏற்றி, கிரீஸ் அடித்ததும் பாரத்தில் பாதி போய்விட்டது. தோள் நன்றாக இருந்திருந்தால் அத்தோடு நிறுத்தியிருப்பேன். உங்கள் தோள் நன்றாக இருந்தால் நீங்களும் அத்தோடு நிறுத்துங்கள்.

எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங் வேண்டாம் என்பதில் மட்டும் தெளிவாக இருந்தேன். பம்ப், பெல்ட், ஹோஸ், எண்ணெய் எல்லாவற்றுக்கும் அந்தச் சின்ன எஞ்சினிடமே பலம் வாங்க வேண்டும். நண்பன் ஒருவனின் டபிள்யூ 123 பென்ஸில் அது அருமையாக வேலை செய்கிறது. ஆனால் அது பெரிய கார். அவன் வீட்டுத் தரையில் எண்ணெய்க் கறையும் நிரந்தரம். மின்சார பவர் ஸ்டியரிங்கை 1988இல் சுசுகி முதலில் ஒரு குட்டிக் காரில் போட்டதற்கும் காரணம் இல்லாமல் இல்லை.

பழைய உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தையில் ஒரு ஜப்பான் குட்டிக் காரின் ஸ்டியரிங் கொலம் (ஸ்டியரிங் சக்கரத்திலிருந்து கீழிறங்கும் தண்டு), மோட்டாரும் கணினிப் பெட்டியும் சேர்த்துக் கிடைத்தது. பூட்டுவதைவிட மின்சாரம்தான் பெரிய வேலை. மைனர் பொசிட்டிவ் எர்த் கார், அதாவது பற்றரியின் பொசிட்டிவ் முனை பொடியோடு இணைந்திருக்கும். எஞ்சின் சுழற்றி மின்சாரம் எடுக்கும் டைனமோ தருவது 22 அம்பியர். நின்ற இடத்தில் திருப்பும்போது மோட்டார் அதைவிட அதிகம் கேட்கும். ஆகவே நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றி, இக்னிஷன் கொயில் வயர்களை இடம்மாற்றி, டைனமோவுக்குப் பதிலாக அதிக மின்சாரம் தரும் ஓல்டர்னேட்டர் போட்டோம். கொலத்தை வெட்டி நேரடியாக வெல்டிங் செய்யலாம் என்று ஒருவர் மலிவாகச் சொன்னார். ஸ்டியரிங்கில் மலிவு பார்க்க எனக்குத் துணிவில்லை. லேத்தில் கடைந்த இணைப்பும் யூனிவர்சல் ஜொயின்டும் போட்டோம். பழைய கொலம் துணி சுற்றி அலுமாரிக்கு மேலே இருக்கிறது.

காரின் வேகம் கணினிப் பெட்டிக்குத் தெரியாது. அதனால் உதவியைக் கூட்டிக் குறைக்க டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு குமிழ்.

நிறுத்துவதற்கு இது வரப்பிரசாதம். புறக்கோட்டையில் லொறிகளுக்கு நடுவே ஒரு கையால் திருப்பி எடுக்கிறேன். ஓடும்போதோ கிட்டத்தட்ட பயனே இல்லை, கொஞ்சம் நட்டம்தான். முன்பு வளைவு முடிந்ததும் கையைத் தளர்த்தினால் ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வரும். இப்போது மோட்டாரின் உராய்வையும் இழுத்துக்கொண்டு சோம்பலாக வருகிறது. ரம்பொடை வளைவுகளில் ஏறும்போது குமிழை அடியோடு குறைத்தேன். அப்போதும் பழைய காரின் கையுணர்வு எனக்குக் கிடைக்கவில்லை. தார் எங்கே வழுக்கும் என்று உள்ளங்கைக்கு முன்கூட்டியே தெரியும் அல்லவா, அது இல்லை. இன்றைக்கும் உறுத்துவது அது ஒன்றுதான்.

ஒருமுறை பழுதும் ஆனது. பம்பலப்பிட்டியில், இரவில், மழைக்குள். ஃபியூஸ் போய்விட்டது. செத்த மோட்டாரையும் சேர்த்துத் திருப்ப வேண்டியிருந்ததால் ஸ்டியரிங் பழையதைவிடப் பாரம். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது தோள் பேசியதை எழுத முடியாது. இப்போது மேலதிக ஃபியூஸ் இரண்டு காரிலேயே இருக்கிறது.

நான் எதிர்பார்க்காதது தேய்மானம். "காரை ஒரு சாண் உருட்டிவிட்டுத் திருப்பு" என்று அப்பா தலையில் குட்டிக் குட்டிப் பழக்கினார். பாரமான ஸ்டியரிங்கில் அது தானாகவே வரும் பழக்கம். பவர் வந்ததும் நானே நின்ற இடத்தில் முறுக்கத் தொடங்கிவிட்டேன். முன் டயர்களின் ஓரம் சீக்கிரம் தேய்ந்தது. அறுபது வருடத்து ட்ரனியன்களுக்கும் அந்த முறுக்கு நல்லதில்லை. இப்போது மாதம் ஒருதரம் கிரீஸ் அடிக்கிறேன்.

தோள் தேறிவிட்டது. பழைய கொலத்தை இறக்குவோமா என்று இரண்டு தரம் யோசித்தேன். ஆனால் இப்போது மகளும் இந்தக் காரை எடுக்கிறாள். மைனர் அவளுக்குப் பிடித்துப்போனதே இது வந்த பிறகுதான். காலையில் ஏறியதும் குமிழைத் தடவிப் பார்ப்பேன். முந்தின நாள் அவள் ஓட்டியிருந்தால் அது கடைசிவரை திரும்பியிருக்கும். பாதிக்கு இறக்கிவிட்டு, ஒரு சாண் உருட்டிவிட்டுத்தான் திருப்புகிறேன்.