மரீனா அணைக்கட்டு: பம்ப் அறையின் கூரைமேல் பட்டம் விடலாம்

சிங்கப்பூரில் காசு செலவில்லாமல் ஒரு சாயங்காலத்தைக் கழிக்க எங்கே போகலாம் என்று யார் கேட்டாலும் நான் மரீனா அணைக்கட்டைத்தான் சொல்வேன். நுழைவுக் கட்டணம் கிடையாது. சுருளாக வளைந்து ஏறும் கூரை முழுக்கப் புல், அதில் ஒரு பக்கம் பாய் விரித்துச் சாப்பிடும் குடும்பங்கள், இன்னொரு பக்கம் பட்டம் விடும் பிள்ளைகள், அவர்களைவிட மும்முரமாகப் பட்டம் விடும் அப்பாக்கள். கடல் காற்று நன்றாக வீசும்.

அந்தப் புல்லுக்குக் கீழேதான் நகரத்தைக் காக்கும் பம்ப் அறை இருக்கிறது. எனக்கு இந்த இடம் பிடித்ததற்கு முக்கியக் காரணமே அதுதான். 2008இல் திறந்த அணை இது, 350 மீட்டர் நீளம், ஒன்பது எஃகு மதகுகள். கனமழை பெய்யும்போது கடல் தாழ்ந்திருந்தால் மதகுகளை இறக்கி வெள்ளத்தை வெளியே விட்டுவிடுவார்கள். கடல் ஏறியிருந்தால் அது முடியாது, திறந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே வந்துவிடும், அப்போது ஏழு பம்புகள் வேலைக்கு வரும், ஒவ்வொன்றும் விநாடிக்கு 40 கன மீட்டர் தண்ணீரை இறைத்துக் கடலில் தள்ளும். சைனாடவுன், போட் கீ மாதிரி தாழ்வான பகுதிகளுக்கு இதுதான் பாதுகாப்பு. அணைமேல் இருக்கும் பாலத்தில் நடந்து பாருங்கள், ஒரு பக்கம் குடிநீருக்கான நீர்த்தேக்கம், மறுபக்கம் கடல்.

வேறு ஊராக இருந்தால் இப்படி ஓர் இடத்தைச் சுற்றி மதில் எழுப்பி ‘அந்நியர் உள்ளே வரக்கூடாது’ என்று பலகை மாட்டியிருப்பார்கள். இங்கே கூரையை மக்களிடம் கொடுத்துவிட்டார்கள். கரையோரத்தை அழகுபடுத்துகிறோம் என்று கிளம்பும் பல நகரங்களில் கடைசியில் உணவகங்களும் கடைகளும்தான் மிஞ்சுகின்றன, உட்காரவே காபி வாங்க வேண்டியிருக்கிறது. இங்கே அந்தக் கவலை இல்லை.

அப்புறம், இது ஒரே நாளில் வந்ததும் இல்லை. 1977இல் அப்போதைய பிரதமர் லீ குவான் இயூ இந்த நீர்த்தேக்கத்துக்கு வந்து சேரும் சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் ஆற்றுப் படுகையையும் சுத்தம் செய்யச் சொல்லி, பன்றி, வாத்துப் பண்ணைகளை அகற்றி, தெருவோரக் கடைக்காரர்களுக்கு வேறு இடம் கொடுத்து, அந்த வேலை முடியப் பத்து வருடம் ஆனது. ஆறு நாறிக்கொண்டே இருந்திருந்தால் அணை கட்டி என்ன பயன்? கழிவைத்தான் தேக்கியிருப்போம். நம் ஊர்களில் கரையில் டைல்ஸ் ஒட்டுவதோடு நிறுத்திவிடுகிறவர்கள் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும்.

குறை என்றால் நிழல்தான். கூரையில் மரமே இல்லை, மத்தியான வெயிலில் குழந்தைகளைக் கூட்டிப் போகாதீர்கள். ஐந்து மணிக்கு மேல் போனால் சரியாக இருக்கும். கரையோரப் பூந்தோட்டங்கள் (Gardens by the Bay) எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தே வந்துவிடலாம், பாயும் சாப்பாடும் வீட்டிலிருந்தே எடுத்து வாருங்கள்.