மாமாவின் அறுபதாம் கல்யாணம்: ஷேர் பிரியருக்கு எந்தப் பரிசு?

மும்பை செம்பூரில் இருக்கும் என் மாமாவுக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது. அக்கா தங்கை பிள்ளைகள் நாங்கள் நாலு பேர் ஆளுக்கு 15,000 ரூபாய் போட்டு ஒரு பரிசு கொடுப்பதென்று பேசிக்கொண்டோம். வேட்டி, புடவை, சீர் வகையெல்லாம் என் அம்மா பார்த்துக்கொள்வாள். எங்களுடையது மாமாவுக்கே உரியதாக இருக்க வேண்டும் என்பது ஆசை.

மாமா என்றால் ஷேர் மார்க்கெட். காலை 9.15-க்குச் சந்தை திறப்பதற்குள் குளித்து, கும்பிட்டு, காபி டம்ளரோடு உட்கார்ந்துவிடுவார். மதியம் 3.30 வரைக்கும் அவரிடம் வேறு பேச்சு எடுபடாது. தீபாவளி அன்று கங்கா ஸ்நானம் நம் ஊர் வழக்கம். தீபாவளிக்கு நல்ல நேரம் பார்த்துச் சந்தையை ஒரு மணி நேரம் மட்டும் திறக்கும் முகூர்த் டிரேடிங், பக்கத்து வீட்டுக் குஜராத்திக்காரர்களிடமிருந்து ஒட்டிக்கொண்டது. அந்த ஒரு மணி நேரத்தில் ஒரே ஒரு ஷேராவது வாங்காமல் இருக்கமாட்டார். வழக்கமாகச் சாயங்காலம் நடப்பது 2025-இல் மதியம் 1.45-க்கே தொடங்கியதால், பண்டிகைச் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தார்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மாமா தினம் வாங்கி தினம் விற்கிறவர் இல்லை. வாங்கினால் வைத்துக்கொள்கிற ரகம். பரிசு யோசிக்கிறவர்கள் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான்: அவர் விற்று வாங்குகிறவரா, வாங்கி வைக்கிறவரா? ஒருவருக்குப் பொருந்துவது மற்றவருக்குப் பொருந்தாது.

முதலில் வந்த யோசனை பித்தளைக் காளை. தலால் தெருவில் மும்பை பங்குச் சந்தைக் கட்டடத்தில் 2008-இல் வைத்த வெண்கலக் காளையின் சின்ன வடிவம் எந்தப் பரிசுக் கடையிலும் கிடைக்கும். மாமாவிடம் ஏற்கெனவே இரண்டு இருக்கின்றன. ஷேர் வாங்குகிறவர் என்று தெரிந்ததுமே எல்லோரும் கொடுப்பது அதைத்தான். விட்டுவிட்டோம்.

புத்தகம், பிசினஸ் பத்திரிகைச் சந்தா. இது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. நாற்பது வருஷமாக ஆண்டறிக்கை படிக்கிறவருக்கு முதலீடு பற்றி நாம் என்ன புத்தகம் தேர்ந்தெடுத்துவிட முடியும்? இப்போதுதான் டீமேட் கணக்கு (ஷேரைத் தாளாக இல்லாமல் மின்னணு வடிவில் வைக்கும் கணக்கு) திறந்திருக்கும் தம்பிக்கோ தங்கைக்கோ என்றால் நல்ல பரிசு.

ஆன்லைன் பயிற்சி வகுப்பு என்றான் சின்னவன். ஷேரின் வருங்கால விலையை வைத்து ஒப்பந்தம் போடும் ஆப்ஷன் டிரேடிங் கற்றுத் தருகிறார்களாம், அறுபது வயதில் பொழுது போகுமாம். இதை நான் உறுதியாக எதிர்த்தேன். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளைப் பார்த்து, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி வெளியிட்ட ஆய்வில், ஃபியூச்சர், ஆப்ஷன் வணிகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டிருக்கிறார்கள். செலவுகளையும் சேர்த்துத் தலைக்குச் சராசரியாக இரண்டு லட்ச ரூபாய். 1992-இல் ஷேர் புரோக்கர் ஹர்ஷத் மேத்தாவின் ஊழல் வெடித்தபோது கையைச் சுட்டுக்கொண்டு, அதற்குப் பிறகு நிதானமாக நடக்கக் கற்றுக்கொண்ட மனிதரை அந்தப் பக்கம் நாமே தள்ளிவிடுவது பாவம். வயதானவர்களுக்கு இந்த மாதிரி வகுப்பைப் பரிசாகக் கொடுக்காதீர்கள்.

பெரிய மானிட்டர் என்ற யோசனை நிஜமாகவே நல்ல போட்டி கொடுத்தது. மாமா போனைக் கை நீட்டித் தூரத்தில் பிடித்துக்கொண்டு, இரண்டு விரலால் எழுத்தைப் பெரிதாக்குவார்; பெரிதாக்கினால் விலை ஒரு பக்கம் ஓடிவிடும், எண்ணிக்கை இன்னொரு பக்கம் ஓடிவிடும். ஒருமுறை 10 என்று போட வேண்டிய இடத்தில் 100 என்று விழுந்து, மாமி வந்து பார்த்ததால் தப்பித்தார். 24 அங்குலத் திரையும் ஒரு கீபோர்டும் இருந்தால் இந்தக் கஷ்டம் தீரும். ஆனால் அதற்கு அறுபதாம் கல்யாணம் எதற்கு? அடுத்த மாதமே வாங்கிக் கொடுக்கலாம். கண் சரியாகத் தெரியாத ஷேர் பிரியர் உங்கள் வீட்டில் இருந்தால், மற்ற எல்லாவற்றையும் விட முதலில் இதைச் செய்யுங்கள்.

சரி, ஷேர் பிரியருக்கு ஷேரையே கொடுத்தால் என்ன? எங்கள் மனது நெடுநேரம் இங்கேதான் நின்றது. அதுவும் எம்.ஆர்.எஃப். ஒரே ஒரு ஷேர். 1946-இல் மெட்ராஸ் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்ய ஆரம்பித்த கம்பெனி. 2023 ஜூனில் அதன் ஒரு ஷேர் விலை ஒரு லட்ச ரூபாயைத் தொட்டது, இந்தியாவில் முதல் முறையாக. மெட்ராஸிலிருந்து பம்பாய்க்கு வந்த மாமாவுக்கு மெட்ராஸ் கம்பெனி ஷேர். இன்னும் கொஞ்சம் பணம் போட வேண்டியிருக்கும், ஆனாலும் பார்க்க அழகாக இருந்தது.

வருமான வரிச் சட்டத்தில் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டோம். உறவினரிடமிருந்து வரும் பரிசுக்கு வரி இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். யார் உறவினர் என்பதைப் பெறுகிறவர் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. மாமா எனக்குக் கொடுத்தால், அவர் என் அம்மாவின் கூடப்பிறந்தவர், பட்டியலில் இருக்கிறார், எவ்வளவு கொடுத்தாலும் எனக்கு வரி கிடையாது. நான் மாமாவுக்குக் கொடுத்தால், அவருடைய பட்டியலில் மனைவி, கூடப்பிறந்தவர்கள், பெற்றோர், பிள்ளைகள் எல்லாம் உண்டு, அக்காவின் பிள்ளை கிடையாது. தூக்கி வளர்த்த மாமாவுக்கு நான் சட்டப்படி வேற்றாள்.

வேற்றாட்களிடமிருந்து ஒரு வருஷத்தில் வருவது எல்லாம் சேர்ந்து 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டும் இல்லை, முழுத் தொகைக்கும் வரி. ஆளுக்கு 15,000 என்று தனித்தனியாகக் கொடுத்தாலும் கூட்டினால் 60,000. எம்.ஆர்.எஃப். என்றால் ஒரே ஷேரிலேயே எல்லை தாண்டிவிடும். பரிசு வாங்கிய மாமா வரி கட்ட வேண்டும்!

வழி இல்லாமல் இல்லை. அம்மா தன் டீமேட் கணக்கில் இருக்கும் ஷேரிலிருந்து தம்பிக்குக் கொடுத்தால், அக்கா தம்பி உறவு பட்டியலில் இருப்பதால் மதிப்பு எவ்வளவானாலும் மாமாவுக்கு வரி இல்லை. ஷேரை மாற்றச் சொல்லும் டெலிவரி இன்ஸ்ட்ரக்ஷன் ஸ்லிப் நிரப்பியோ ஆன்லைனிலோ, காரணம் பரிசு என்று குறிப்பிட்டு மாற்றிவிடலாம். அம்மா வாங்கிய தேதியும் விலையும் அந்த ஷேரோடு கூடவே போகும். மாமா பின்னால் விற்கும்போது லாபக் கணக்கு அதிலிருந்துதான். அதனால் வாங்கிய விவரத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். பரிசாக ஷேர் கொடுக்கிற பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. எதை எந்த விலையில் வாங்க வேண்டும் என்பதில் மாமாவுக்குத் தனி அபிப்பிராயம் உண்டு. நாம் கொடுத்த ஷேர் இறங்கினால் விற்கவும் முடியாது, நம் முகத்துக்காக வைத்திருப்பார். பிறந்த குழந்தைக்கோ கல்லூரி போகிற பிள்ளைக்கோ ஷேர் கொடுப்பது வேறு. அங்கே அது விதை. ஊறிய முதலீட்டாளருக்கு, அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது பக்கத்தில் நின்று உப்பு போடுகிற மாதிரி.

அப்புறம் பழைய ஷேர் சர்டிஃபிகேட். மூடிப்போன மில்களின் பழைய தாள்களைச் சேகரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அலங்கார விளிம்பு, முத்திரை, மையில் போட்ட கையெழுத்து எல்லாம் இருக்கும். சட்டம் போட்டு மாட்டினால் சுவருக்கே களை வரும். பழைய பொருள் விற்கும் சோர் பஜாரில் தேடலாம் என்று அண்ணன் சொன்னபோது மாமி சிரித்தாள். “எதுக்குடா அங்கே போறே? எங்க வீட்டுப் பரண்ல ஒரு பெட்டி நிறைய இருக்கு.”

அந்த வார்த்தையில்தான் எங்கள் பரிசு கிடைத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியை இறக்கினோம். பச்சைப் பெயின்ட் உரிந்த தகரப் பெட்டி. திறந்ததும் அந்துருண்டை வாசனை. பழுப்பு உறைகள், ஒவ்வொன்றின் மேலும் மாமாவின் கோணல் எழுத்தில் கம்பெனி பெயர், வாங்கிய வருஷம். மடித்த இடத்தில் துணி போல் மெலிந்துபோன தாள்கள். பேங்கில் போட்டு மாற்றாமலே விட்ட டிவிடெண்ட் வாரண்டுகள் (கம்பெனி லாபத்தில் தரும் பங்குக்கான காசோலை மாதிரி), ஒன்று 38 ரூபாய்க்கு. டீமேட் வந்த காலத்தில் பெரிய கம்பெனி ஷேர்களை மாமா அதற்கு மாற்றிவிட்டார். இவை சின்னச் சின்ன எண்ணிக்கை, 50, 25, கம்பெனி இலவசமாகக் கொடுத்த போனஸ் ஷேர் 12. “அப்புறம் பார்த்துக்கலாம்னு வெச்சேன்” என்றார். அந்த அப்புறத்துக்கு இருபத்தைந்து வருஷம் ஆகிவிட்டது.

இந்தத் தாள்கள் ஏன் அவசரம் என்பதைச் சொல்கிறேன். 2019 ஏப்ரல் முதல் தாள் ஷேரை இன்னொருவர் பெயருக்கு மாற்றி விற்க முடியாது. டீமேட் ஆக்கினால்தான் விற்கலாம். பான், பேங்க் விவரம் பதியாத தாள் ஃபோலியோவுக்கு (கம்பெனி பதிவேட்டில் இருக்கும் கணக்கு) 2024 ஏப்ரல் முதல் டிவிடெண்ட் நிறுத்திவைக்கப்படுகிறது. தொடர்ந்து ஏழு வருஷம் டிவிடெண்ட் வாங்காமல் கிடந்தால், அந்தப் பணத்தோடு ஷேரும் அரசின் முதலீட்டாளர் கல்வி, பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். போனது போனதுதான் என்று இல்லை, அந்த நிதியின் ஐ.இ.பி.எஃப்.-5 படிவத்தில் கேட்டு வாங்கலாம். ஆனால் ஷேருக்கு உரியவர் உயிரோடு, நினைவோடு, கையெழுத்துப் போடும் நிலையில் இருக்கும்போது செய்வதற்கும், பிறகு வாரிசுகள் அலைவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

நம் தமிழர்களுக்கென்றே ஒரு தலைவலி இருக்கிறது: இனிஷியல். சர்டிஃபிகேட்டில் ஓர் எழுத்தும் பெயரும். பான் கார்டில் அப்பா பெயர் விரிந்து பின்னால் நிற்கிறது. ஆதாரில் அதுவே முன்னால். இந்த ஊரில் சர்நேம் என்று கேட்ட ஒவ்வொரு கவுன்ட்டரிலும் மாமா வேறு வேறு பதில் எழுதியிருக்கிறார். மூன்றும் ஒரே ஆள்தான் என்று அஃபிடவிட் தேவைப்பட்டது. கையெழுத்தும் மாறியிருந்தது. 1988-இல் வளைத்து வளைத்துப் போட்டவர், இப்போது இரண்டு கோட்டில் முடித்துவிடுகிறார். அதற்கு பேங்க் மேனேஜரிடம் கையெழுத்துச் சான்று வாங்க வேண்டும்.

கடைசியில் கொடுத்தது இதைத்தான். நாலு பேரும் முறை வைத்து, ஆறு ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து வேலையை முடித்துத் தருவதென்று கையால் எழுதிய ஓர் உறுதிமொழி. வெளியே ஏஜென்ட்கள் செய்து தருகிறார்கள்தான், கிடைப்பதில் பங்கு கேட்பார்கள். படிவங்களை நாமே நிரப்பலாம். முத்திரைத்தாள், நோட்டரி, கூரியர் என்று செலவு சொற்பம்.

கூடவே ஒன்று. டீமேட்டுக்குக் கொடுக்கும்போது சர்டிஃபிகேட்டின் குறுக்கே ஒப்படைத்ததாக எழுதித் தந்துவிட வேண்டும். தாள் திரும்பி வராது. அதனால் அனுப்பும் முன் எல்லாவற்றையும் வண்ணத்தில் ஸ்கேன் செய்துகொண்டோம். மாமா முதன்முதலில் வாங்கிய ஷேரின் பிரதியைச் சட்டம் போட்டு, அறுபதாம் கல்யாணத்தன்று அந்த உறுதிமொழியோடு சேர்த்துக் கையில் கொடுத்தோம். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, அதிலிருந்த தன் பழைய கையெழுத்தின் மேல் விரலை வைத்து ஒருமுறை ஓட்டிப் பார்த்தார்.

காளையைக் கொடுத்திருந்தால் இவ்வளவு கதை கேட்டிருக்க மாட்டோம். ஒவ்வொரு உறையை எடுக்கும்போதும் ஒரு கதை. இந்த ஷேர் முதல் போனஸ் பணத்தில் வாங்கியது, அது மாமிக்குத் தெரியாமல் வாங்கியது, இது புரோக்கர் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் வாங்கியது. படிவத்தில் நாமினி இடத்தில் மாமியின் பெயரை எழுதும்போது மாமா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

இதுவரை நாலு ஞாயிறு முடிந்திருக்கிறது. இரண்டு கம்பெனிகளின் ஷேர் டீமேட் கணக்கில் வந்துவிட்டது. மூன்றாவதுக்குக் கையெழுத்துச் சான்று போயிருக்கிறது. 60,000 ரூபாயில் மிச்சமிருந்ததில் ஒரு பகுதிக்கு மானிட்டர் வாங்கிவிட்டோம், வரும் ஞாயிறு மாட்டப் போகிறோம். அன்றைக்கு அடை, அவியல் என்று மாமி சொல்லியிருக்கிறாள்.