முழு இதழா, அட்டை மட்டுமா?

ஓவிய அட்டைக்காகப் பழைய பத்திரிகை சேர்ப்பவர்கள் சிலர் பிரித்தெடுத்த அட்டையை மட்டும் வாங்குகிறார்கள். விலை குறைவு, இடம் மிச்சம், சட்டம் போட்டு உடனே மாட்டலாம்.

நான் முழு இதழின் பக்கம்தான். அமெரிக்க ஓவியர் நார்மன் ராக்வெல் 1916 முதல் 1963 வரை சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் பத்திரிகைக்கு வரைந்த அட்டைகளையே பாருங்கள். உள்ளே இருக்கும் விளம்பரங்களையும் கதைகளையும் சேர்த்துப் புரட்டும்போதுதான் அந்தக் காலம் முழுசாகக் கண்முன் வருகிறது. பராமரிப்பு கூடுதல்தான்: மரக்கூழ்த் தாளில் உள்ள லிக்னின் என்ற வேதிப்பொருளால் பக்கங்கள் பழுப்பேறும், ஸ்டேப்பிள் பின் துருப்பிடித்துக் கறை விடும். அமிலமில்லாத அட்டையைப் பின்னால் கொடுத்து, பாலியெஸ்டர் பிளாஸ்டிக் உறையில் போட்டு, படுக்கைவாட்டில் அடுக்குங்கள்.

உள்பக்கங்கள் ஏற்கெனவே கிழிந்துபோன பிரதியா? சரி, அதன் அட்டையை வெயில் படாத சுவரில் மாட்டலாம். நல்ல பிரதியை மட்டும் தயவுசெய்து பிரிக்காதீர்கள்.